உங்களுக்குத் தெரியுமா? கைதானவருக்கும் உரிமை உண்டு

சிங்கப்பெருமாள் கோவிலில் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் காவலர்கள் அழைத்துப் போனால், பதறாமல் இவற்றை நினைவில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரும் உரிமைகள் இவை:

● கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் தகவல் தர வேண்டும்.

● 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டுமே இதில் சேராது.

● விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்த முடியாது; அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் காப்பு இது.

● சூரியன் மறைந்தபின், உதிக்கும்முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் மட்டும், நடுவரின் முன் அனுமதியோடு பெண் காவல் அதிகாரி செய்யலாம்.

● 60 நாளில், கடுங்குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை.

குண்டர் சட்டம் வேறு

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டப்படி, குற்றம் நிரூபணமாகாமலே 12 மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். ஆனால் 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். 3 வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

கையில் காசில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். கேட்பது பிச்சையல்ல, உங்கள் உரிமை.