துளி வடிவில் ஒரு கார்

ட்ரோப்ஃபன்வாகன் என்ற ஜெர்மன் பெயருக்கு ‘துளி வண்டி’ என்று பொருள். 1921 செப்டம்பரில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மேலிருந்து பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும். முன்பக்கம் உருண்டு பருத்திருக்கும். பின்னால் போகப் போக ஒடுங்கி, கடைசியில் கத்தி முனைபோல் முடியும். ஏறக்குறைய மீனின் உடல்.

சுற்றிலும் நின்ற மற்ற கார்களோடு ஒப்பிட்டால்தான் இதன் விசித்திரம் புரியும். அந்தக் காலத்துக் கார் என்பது குதிரை வண்டியின் தம்பி. முன்னால் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டர், அதன் பின்னே எஞ்சின் பெட்டி, அதற்கும் பின்னே செங்குத்தான கண்ணாடி, ஆட்கள் அமரும் இன்னொரு பெட்டி. விளக்கு, மட்கார்டு, ஏறுபடி எல்லாம் வெளியே தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். காற்று என்ற ஒன்று எதிரே வருகிறது என்ற நினைப்பே அந்த வண்டிகளைக் கட்டியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. துளிக் காரைக் கட்டியவருக்கோ காற்றுதான் தொழில்.

எட்முண்ட் ரும்ப்ளர் 1872-இல் வியன்னாவில் பிறந்தவர். யூதர். இளம் பொறியாளராக நெசல்ஸ்டோர்ஃப் தொழிற்சாலையில் (பின்னாளில் டாட்ரா என்று பெயர் பெற்ற நிறுவனம் இதுதான்) ஹான்ஸ் லெட்விங்காவுடன் சேர்ந்து, அந்த ஆலையின் முதல் காரான ‘பிரெசிடென்ட்’டை 1897-இல் உருவாக்கும் வேலையில் பங்கெடுத்தார். பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டின் ஆட்லர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே இருந்தபோது, 1903-இல், பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் ‘ஊசல் அச்சு’ ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1908 வாக்கில் காரை விட்டுவிட்டு விமானத்துக்குத் தாவி, பெர்லினில் சொந்தமாக ஒரு விமானத் தொழிற்சாலை தொடங்கினார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘டௌப’ (புறா) விமானம் அவருடைய சொந்த வடிவமைப்பு அல்ல. இகோ எட்ரிச் என்ற ஆஸ்திரியர் வடிவமைத்ததை உரிமம் பெற்றுக் கட்டியவர் ரும்ப்ளர். உரிமத் தொகை விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பும் உண்டு. முதல் உலகப் போரில் அவரது ஆலையிலிருந்து உளவு விமானங்கள் நிறையப் புறப்பட்டன. போர் முடிந்து 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் வந்ததும் ஜெர்மனியில் விமானத் தொழில் முடங்கிப்போனது. கையில் ஆலையும் ஆட்களும் இருந்தும் கட்டுவதற்கு விமானம் இல்லை. ரும்ப்ளர் மறுபடி காருக்குத் திரும்பினார், ஆனால் இந்த முறை விமானக்காரராக.

வடிவத்துக்கு அவர் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓடும் வண்டியைக் காற்று பின்னோக்கித் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 40 கி.மீ.யில் போகும் கார் 80 கி.மீ.க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறன் எட்டு மடங்காகும். இந்த எதிர்ப்பில் வடிவத்தின் பங்கை ஓர் எண்ணால் குறிப்பார்கள். இழுவைக் குணகம் என்பது அதன் பெயர். கனசதுரப் பெட்டிக்கு அது 1-க்குச் சற்று மேலே இருக்கும். முன்னே உருண்டு பின்னே நீண்டு ஒடுங்கும் வடிவத்துக்கு 0.05 அளவுக்குக்கூட இறங்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே இங்கே முக்கியம். வண்டியின் வால் சட்டென்று வெட்டியதுபோல் முடிந்தால், பின்னால் காற்று சுழன்று வெற்றிடம் போன்ற ஒரு குழியை உண்டாக்கி வண்டியைப் பிடித்து இழுக்கும். படிப்படியாக ஒடுங்கினால் காற்று உடலை ஒட்டியே வழிந்து போகும்.

(மழைத்துளி உண்மையில் இந்த வடிவத்தில் விழுவதில்லை. சிறு துளிகள் உருண்டையாகவும், பெரியவை அடிப்பக்கம் தட்டையாகிப் பன் ரொட்டி போலவும்தான் விழுகின்றன. துளி என்றால் கூர்வால் என்பது ஓவியர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.)

ரும்ப்ளர் எந்த அளவுக்குச் சரியாகக் கணித்திருந்தார் என்பது 58 ஆண்டுகள் கழித்துத்தான் எண்ணில் தெரிந்தது. 1979-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் மியூனிக் அருங்காட்சியகத்திலிருந்த துளிக் காரை இரவல் வாங்கித் தன் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தது. இழுவைக் குணகம் 0.28 என்று வந்தது. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பீட்டில் காருக்கு இது 0.48 அளவு. அதே குழுமத்தைச் சேர்ந்த ஆடி, 1982-இல் தன் புதிய ஆடி 100 காருக்கு 0.30 கிடைத்ததைப் பெரிய சாதனையாக விளம்பரம் செய்தது; அன்றைய நிலையில் அது சாதனைதான். கணினியும் இல்லாமல், கார்களுக்கென்று காற்றுச் சுரங்கமும் இல்லாமல் வடித்த ஒரு வண்டி அதைவிட முன்னே நின்றது என்பதை விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை.

வெறும் வாலினால் மட்டும் இந்த எண் வந்துவிடவில்லை. முன்கண்ணாடி உடலின் வளைவோடு வளைந்தது. வளைந்த கண்ணாடி வைத்த முதல் கார்களில் இதுவும் ஒன்று. விளக்குகள் வெளியே துருத்தாமல் மூக்கின் நடுக்கோட்டில் இருந்தன. மட்கார்டுகள் சக்கரத்தை வளைத்துச் சுற்றும் தகடுகளாக இல்லாமல், விமான இறக்கைபோல் கிடைமட்டமாக நீட்டிய பலகைகளாக இருந்தன. பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் கப்பல், கொஞ்சம் விமானம்.

இந்த உடலுக்குள் எஞ்சினை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். முன்னே வைத்தால் மூக்கு நீளும். ஆகவே பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தார் ரும்ப்ளர். அந்த இடத்தில் நீளமான எஞ்சின் கொள்ளாது. ஆறு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தாமல், இரண்டிரண்டாக மூன்று அணிகளாகப் பிரித்து, மூன்றும் ஒரே கிராங்க் தண்டைச் சுழற்றும்படி அமைத்தார்கள். ஒரு முனையிலிருந்து பார்த்தால் திரிசூலம் போலத் தோன்றும். ரோமன் எழுத்து டபிள்யூ போன்றது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். 2,580 கன செ.மீ. கொள்ளளவுள்ள இந்த எஞ்சினை சீமன்ஸ் ஹால்ஸ்கே நிறுவனம் கட்டிக்கொடுத்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே தொகுதியாகக் காரில் ஏறின. முன்னிருந்து பின்னுக்கு நீண்ட சுழல்தண்டு தேவைப்படவில்லை. அது ஓடுவதற்கென்று காரின் நடுவில் மேடு கட்டவும் தேவையில்லை.

எஞ்சினின் திறன் 36 குதிரைத்திறன் மட்டுமே. காரின் எடையோ ஏறத்தாழ 1,360 கிலோ. இருந்தும் மணிக்கு 110 கி.மீ. வேகம் தொட்டது. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், வடிவம் செய்த வேலை தெரியும்.

பின்சக்கரங்களுக்கு ரும்ப்ளர் தன் 1903-ஆம் ஆண்டு ஊசல் அச்சையே பயன்படுத்தினார். சாதாரண வண்டியில் இரு பின்சக்கரங்களையும் ஒரே இறுகிய அச்சு இணைக்கும்; ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஊசல் அச்சில் டிஃபரென்ஷியல் காரின் உடலோடு நிலையாக இருக்கும். அதிலிருந்து இருபுறமும் கிளம்பும் அரை அச்சுகள், கடிகார ஊசல்போலத் தனித்தனியே ஆடும். மேடுபள்ளச் சாலையில் சொகுசு கூடும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. வேகமாகத் திருப்பத்தில் வளைக்கும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிடக்கூடும். 1960-களில் அமெரிக்காவின் செவர்லே கோர்வேர் இந்தக் குணத்தால்தான் பெரிய சர்ச்சையில் மாட்டியது. ஆனால் 1921-இன் பார்வையில் அது குறையாகத் தெரியவில்லை; பீட்டில் உட்படப் பல கார்கள் பல பத்தாண்டுகள் அதையே நம்பி ஓடின.

ஓட்டுநர் முன்மூக்கில் நடுவே தனியாக அமர்ந்தார். இரு பக்கமும் பார்வைக்கு மறைப்பில்லை. நான்கைந்து பயணிகள் அவருக்குப் பின்னால், இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே அமர்ந்தார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டு எப்படித் தூக்கிப்போடும் என்பது அதில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். அச்சுக்கு மேலேயோ பின்னாலேயோ யாரையும் உட்காரவைக்காததால் துளிக் காரில் அந்தத் தொல்லை குறைவு.

இவ்வளவும் இருந்தும் கார் விலைபோகவில்லை. ஆரம்பத்தில் எஞ்சினைக் குளிர்விப்பதில் சிக்கல் இருந்தது. ஸ்டியரிங்கிலும் கோளாறு சொன்னார்கள். பின்னால் எஞ்சினும் கூர்வாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பெட்டி படுக்கை வைக்க டிக்கி இல்லை. தோற்றம் பலருக்குச் சிரிப்பை மூட்டியது. போதாததற்கு 1923-இல் ஜெர்மன் பணத்தின் மதிப்பே காற்றில் பறந்தது. எல்லாவற்றையும்விட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: காற்றின் எதிர்ப்பு காசாகத் தெரிவது வேகத்தில்தான். நகரத் தெருவில் 30, 40 கி.மீ.யில் போகிறவருக்குத் துளி வடிவத்தால் பெரிதாக மிச்சமில்லை. இந்தக் காரின் பலத்தைக் காட்டக்கூடிய சாலை ஒன்று பெர்லினிலேயே, காரை அறிமுகம் செய்த அதே மாதம் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான ஆவுஸ் என்ற அந்தச் சாலை ஏறத்தாழ 10 கி.மீ. நேராக ஓடியது. ஆனால் அப்படிப்பட்ட சாலைகள் ஜெர்மனி முழுக்க வர இன்னும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1924-இல் ரும்ப்ளர் எஞ்சினை மாற்றினார். நான்கு சிலிண்டர் வரிசையாக அமைந்த 50 குதிரைத்திறன் எஞ்சின் வந்தது. அதற்காகக் கார் நீண்டது, ஆறேழு பேர் அமர இடம் கிடைத்தது. விற்பனை அதற்கும் அசையவில்லை. 1925-இல் தயாரிப்பு நின்றபோது கட்டியிருந்த மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய 100. அவற்றில் பெரும்பாலானவை பெர்லினில் டாக்சியாக ஓடின. உயரமான கூரை, குனியாமல் ஏறி இறங்க வசதி என்று, ரும்ப்ளர் முன்னிறுத்தாத காரணங்களுக்காக டாக்சிக்காரர்கள் அதை வாங்கினார்கள். 1927-இல் வெளிவந்த ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில், எதிர்கால நகரத்தின் கார்களாகச் சில துளிக் கார்கள் நடித்தன. அந்தப் படத்துக்காகவே அவை எரிந்தும் போயின. தெருவில் கேலிக்கு ஆளான வண்டி, எதிர்காலத்தைக் காட்ட வேண்டும் என்றதும் கைகொடுத்தது.

பந்தயக்காரர்களுக்கு மட்டும் இதன் அருமை முதலிலேயே பிடிபட்டது. பென்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஹான்ஸ் நீபெல் ரும்ப்ளரின் அமைப்பைத் தழுவி, ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த பந்தயக் கார்களைக் கட்டினார். 1923 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் அவை நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தன. வென்றது சூப்பர்சார்ஜர் பூட்டிய ஃபியட். அந்தத் துணை இல்லாத பென்ஸ்களுக்கு இது நல்ல முடிவுதான். ஆனால் நிறுவனத்திடம் பணம் இல்லை, முயற்சி அதோடு தேய்ந்தது. 1934-இல் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் இதே அமைப்போடு வந்து வெற்றிகளைக் குவித்தன. அதன்பின் 1959-இல், கூப்பர் காரில் ஜாக் பிராபம் உலகப் பட்டம் வென்றபோதுதான் மற்றவர்களும் எஞ்சினைப் பின்னால் நகர்த்தத் தொடங்கினார்கள். இன்று ஃபார்முலா 1-இல் வேறு அமைப்பே கிடையாது.

துளி வடிவத்தைச் சாலைக்குக் கொண்டுவந்ததில் நெசல்ஸ்டோர்ஃபின் பழைய கூட்டாளி லெட்விங்காவுக்கும் பங்குண்டு. அவரது டாட்ரா 77, 1934-இல் பின் எஞ்சின், ஊசல் அச்சு, காற்றுக்கு வழிவிடும் உடல் ஆகிய மூன்றோடும் வெளிவந்தது. அதன் உடலமைப்பு செப்பலின் ஆகாயக் கப்பல் ஆலையில் பணியாற்றிய பால் யாரையின் கொள்கைகளைப் பின்பற்றியது.

ரும்ப்ளர் 1926-இல் முன்சக்கரம் இழுக்கும் காரிலும் கைவைத்துப் பார்த்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால் அவரைச் சிறையில் அடைத்தார்கள். சீக்கிரமே விடுவித்தாலும் தொழில் வாழ்க்கை அதோடு முடிந்தது. 1940-இல், மெக்லன்பர்க் பகுதியிலுள்ள சூசோவ் என்ற சிற்றூரில் இறந்தார். அவரது ஆவணங்களை நாஜிகள் அழித்துவிட்டார்கள். ஆகவே அவருடைய சிந்தனை எந்த வழியில் போனது என்பதை இன்று வண்டியைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எஞ்சியிருப்பவை இரண்டே வண்டிகள். ஒன்று பெர்லினின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில்.