கரண்டியைத் தின்னலாம், ஆனால் எங்கே?

சாப்பிட்டு முடித்ததும் கரண்டியையும் கடித்துத் தின்றுவிடலாம் என்றால், குழம்பில் முக்கியதும் அது ஊறிப் பிய்ந்துவிடாதா? தின்னக்கூடிய கரண்டி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஹைதராபாத்தில் 2010-இல் பேக்கீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய நாராயண பீசபாட்டி, அங்குள்ள இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். நெல்லுக்காக நிலத்தடி நீர் வற்றுவது அவரை உறுத்தியது. குறைந்த தண்ணீரில் விளையும் சோளத்தை (மக்காச்சோளம் அல்ல) மக்கள் மறுபடி வாங்க ஒரு வழி தேடினார். சோளம், அரிசி, கோதுமை மாவுகளில் சுட்ட கரண்டி அப்படித்தான் பிறந்தது. 2016-இல் அதைப் பற்றிய காணொளி உலகமெங்கும் பரவியது.

செய்முறை எளிது. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அச்சில் அழுத்தி, ஈரம் போகும்வரை சுட வேண்டும். சோளத்தில் குளூட்டன் இல்லை என்பதால் தனியாகப் பிசைந்தால் விண்டுபோகும். கோதுமை சேர்ந்தால் பிடித்துக்கொள்ளும். இப்படி அடர்த்தியாகச் சுட்ட மாவுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். சூடான சூப்பிலும் சாப்பிட்டு முடிக்கும்வரை கரண்டி தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

உண்மையான தொல்லை சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் திறந்துவைத்த அப்பளம்போல இந்தக் கரண்டியும் காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும். அதைத் தடுக்க ஒரு உறை வேண்டும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் உறையாகவே இருக்கிறது. வாயில் போடப்போகும் பொருள் என்பதால் கடைக்காரர் கை படாமலும் தரவேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். விலையும் பிளாஸ்டிக் கரண்டியைவிடப் பல மடங்கு.

தண்ணீரையே உள்ளே வைக்கும் தின்னக்கூடிய உறை இன்னும் சுவாரசியமானது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலின் ஒரு சொட்டைக் கால்சியம் கலந்த நீரில் விட்டால், தொட்ட கணத்திலேயே சொட்டைச் சுற்றித் தோல் கட்டிவிடும். ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைப்பதுதான் காரணம். லண்டனின் நாட்பிளா நிறுவனம் இதே முறையில் 'ஊஹோ' என்ற உருண்டைகளைச் செய்கிறது. 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்குப் பானம் நிரப்பிய ஊஹோ உருண்டைகள் தரப்பட்டன. அப்படியே வாயில் போட்டுக் கடித்தால் போதும். மன்னார் வளைகுடாக் கரையில் நம் மீனவப் பெண்கள் முங்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியும் ஆல்ஜினேட் தரும் பாசிதான். மூலப்பொருள் நம் கரையிலேயே கிடைக்கிறது. அதை வெறும் சரக்காக விற்பதோடு நிறுத்திவிட வேண்டாம் என்பது என் ஆசை. ஆனால் ஊஹோவின் மெல்லிய தோல் சில நாட்களில் காய்ந்து சுருங்கும். லாரியில் அடுக்கி ஊர் ஊராக அனுப்பும் தண்ணீர் பாட்டிலுக்கு இது ஈடாகாது. நிரப்பிய இடத்திலேயே குடித்துவிடும் ஓட்டப்பந்தயம், திருவிழா போன்றவைதான் இதற்கு ஏற்ற களம்.

இந்த வகையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருப்பது ஐஸ்கிரீம் கோன். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அது பெரும் புகழ் பெற்றது. பிளாஸ்டிக்கை ஒழிக்கவேண்டும் என்று யாரும் கோன் வாங்குவதில்லை. ருசியாக இருக்கிறது, கையில் பிடிக்க வசதி, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கரண்டியும் அப்படி, உணவின் ஒரு பகுதியாக ருசித்தால்தான் தின்னப்படும். இல்லாவிட்டால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். மண்ணில் விழுந்தால் எறும்பும் மாடும் முடித்துவிடும். காற்றுப் புகாத குப்பை மலைக்குள் புதைந்தாலோ, மற்ற உணவுக் கழிவுகளைப் போல மீத்தேனை வெளிவிட்டபடிதான் அழுகும்.

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப உணவகத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் எவர்சில்வர் கரண்டியே போதும். கழுவ ஆளும் தண்ணீரும் அங்கே உண்டு. தின்னக்கூடிய கரண்டி குல்ஃபி வண்டிக்கும், கடற்கரைச் சுண்டலுக்கும், ரயிலில் விற்கும் தயிர்சாதத்துக்கும் பொருந்தும். கடை வைத்திருப்பவர் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு கரண்டியும் தனித்தனி உறையில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் வேண்டாம், நூறு கரண்டிகளை ஒரே காகிதப் பெட்டியில் தருபவரிடம் வாங்கி, இறுக்கமாக மூடும் தகர டப்பாவில் வைத்து, கிடுக்கியால் எடுத்துக் கொடுங்கள்.