ஒரு திறவுகோல், பல கதவுகள்

போர் எமது பெண்களிடம் விட்டுச் சென்ற பொருட்களுள் ஒன்று கடதாசிகள் நிறைந்த பை. நிலாவெளியிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், களப்பை அண்டிய இறக்கக்கண்டியில் நான் சென்ற வீடுகளில் அந்தப் பையைக் காணாத வீடு குறைவு. அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, கணவரின் மரணச் சான்றிதழ் அல்லது அவரைத் தேடிக் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, வங்கிப் புத்தகம் ஆகியன அதற்குள் இருக்கும். இடப்பெயர்வின்போது ஒரு தடவையும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இன்னொரு தடவையும் இவற்றை இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் இக்கரையோரத்தில் வாழ்கின்றார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அலையும் அலைச்சலும் நாம் அறிந்ததே. கிராம அலுவலரிடம் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, வங்கியில் ஒன்று, அஸ்வெசும கொடுப்பனவுக்கு ஒன்று, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு இன்னொன்று. ஒவ்வோர் அலுவலகத்திலும் "நீங்கள் யார்?" என்ற அதே கேள்வி. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு இது ஒரு நாள் கூலி, பஸ் காசு, பிள்ளையைப் பார்க்க இன்னொருவரின் தயவு என்று மூன்று செலவுகளைக் கொண்டுவருகின்றது. தன்னைத் தானே நிரூபிப்பதும் ஓர் உழைப்புத்தான். அதற்கு எவரும் சம்பளம் தருவதில்லை.

இந்தச் சிரமத்துக்குக் கணினி உலகில் ஒரு விடை உண்டு. அதற்கு "ஒற்றை உள்நுழைவு" என்று பெயர். அரச சேவைகள் கணினிக்கு மாறிவரும் காலத்தில் அதன் நன்மையையும் ஆபத்தையும் நாம் விளங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில், அந்தத் திறவுகோல் எமது பெயரிலேயே வெட்டப்படும்.

ஒற்றை உள்நுழைவு என்றால் என்ன?

ஒரு பெரிய கட்டடத்தில் பத்து அலுவலகங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒருவர் எமது அடையாளத்தை ஒரு தடவை பார்த்து, கையொப்பமிட்ட சிறு துண்டொன்றைத் தருகின்றார். உள்ளே எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் அத்துண்டைக் காட்டினால் போதும். வாசலில் இருப்பவரின் கையொப்பத்தை அவர்கள் நம்புகின்றார்கள். கணினியில் அந்த வாசற்காவலரின் வேலையைச் செய்வதே ஒற்றை உள்நுழைவுச் சேவையகம். எமது கடவுச்சொல்லை அது மட்டுமே சரிபார்க்கும். உள்ளே உள்ள அலுவலகங்களுக்குக் கடவுச்சொல் போவதில்லை. கையொப்பமிட்ட துண்டு மட்டுமே போகின்றது.

இந்த எண்ணம் புதியதன்று. 1983 இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்கிய "அதீனா" திட்டத்திலேயே, மாணவர்கள் ஒரு தடவை உள்நுழைந்து பல கணினிச் சேவைகளைப் பெறும் முறை உருவானது. இன்று பரவலாகப் பயன்படும் "ஓப்பன் ஐடி கனெக்ட்" என்ற விதிமுறை 2014 இல் வெளியானது. எமது நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2005 இல் சஞ்சீவ வீரவரண மற்றும் சிலர் சேர்ந்து தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் கொழும்பில் வைத்தே இத்தகைய அடையாளச் சேவையகம் ஒன்றை உருவாக்கி, அதன் மூலநிரலையும் திறந்து வைத்து, பல நாடுகளுக்கு வழங்கி வருகின்றது. "கீக்ளோக்" என்பது 2014 இல் வெளிவந்த இன்னொரு திறந்த மென்பொருள்.

பெட்டியும் சுக்கானும்

இந்தச் சேவையகத்தை இப்போது "கொள்கலன்" முறையில்தான் பெரும்பாலும் நிறுவுகின்றார்கள். கொழும்புத் துறைமுகத்திலிருந்து லொறியில் வரும் கொள்கலனை நாம் கண்டிருக்கின்றோம். உள்ளே அரிசி இருந்தாலும் சீமெந்து இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றே. அதனால் எந்தப் பாரந்தூக்கியும் அதைத் தூக்கும், எந்தக் கப்பலும் ஏற்றும். 1956 இல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஒரு கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டதே இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. மென்பொருளையும் அது இயங்கத் தேவையான அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, எந்தக் கணினியிலும் இயங்கச் செய்வதே கணினிக் கொள்கலன். 2013 இல் வந்த "டொக்கர்" இதனைப் பரவலாக்கியது.

பெட்டிகள் பலவானால் மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். கூகுள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட "குபர்நெட்டீஸ்" அந்த வேலையைச் செய்கின்றது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். படகுத் துறையில் வளர்ந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி பழுதானால் அது இன்னொன்றைத் தானே இயக்கும். கூட்டம் கூடினால் பெட்டிகளைக் கூட்டும். கொடுப்பனவு நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்நுழைய முயன்றாலும் வாசல் அடைபடாதிருக்க இது உதவும்.

நன்மை இதுவரை. இனி, கவனிக்க வேண்டியவை.

முதலாவது, பதிவேடு. குபர்நெட்டீஸ் பெட்டிகளை எந்நேரமும் எறிந்துவிட்டுப் புதியதை வைக்கும். எறிந்த பெட்டிக்குள் எழுதியிருந்தவை அதனுடனேயே போய்விடும். ஆகவே எமது பெயர், இலக்கம், கடவுச்சொல் விபரம் ஆகியவற்றின் பதிவேட்டைப் பெட்டிக்கு வெளியே தனித் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். அதன் பிரதியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். கீக்ளோக்கைப் பழகிப் பார்ப்பதற்கென ஓர் எளிய இயக்க முறை உண்டு. அதில் பதிவேடு பெட்டிக்குள்ளேயே இருக்கும். உண்மையான சேவைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை ஆக்கியவர்களே எழுதி வைத்துள்ளார்கள். அவசரத்தில் பழகும் முறையிலேயே சேவையைத் தொடங்கினால், ஒரு காலையில் அத்தனை பேரின் கணக்கும் இல்லாமற் போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 ஓகஸ்ட் மாதம் எமது நாட்டின் அரச மேகக் கணினியான "லங்கா கவர்மன்ட் கிளவுட்" கப்பம் கேட்கும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குத் தனியான பிரதி இருக்கவில்லை. கடதாசி இழந்தவர்களாகிய எமக்கு இந்த இழப்பின் கனம் தெரியும்.

இரண்டாவது, இரகசியம். தரவுத்தளத்தின் கடவுச்சொல் போன்றவற்றை வைக்க குபர்நெட்டீஸில் "இரகசியம்" என்றே ஓர் இடம் உண்டு. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அங்குள்ளவை சாதாரணமாக எழுத்து மாற்றி வைக்கப்பட்டவையே, பூட்டப்பட்டவை அல்ல. பார்க்க அனுமதி உள்ளவர் ஒரு நொடியில் வாசித்துவிடலாம். மறையாக்கத்தை நிருவாகிகள் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். யார் யாருக்குப் பார்க்க அனுமதி என்பதையும் வரையறுக்க வேண்டும்.

மூன்றாவது, வருகைக் குறிப்பு. யார் எந்நேரம் எந்தச் சேவையின் கதவைத் திறந்தார் என்பதை வாசற்காவலர் குறித்து வைக்கலாம். களவைக் கண்டுபிடிக்க அது தேவை. ஆனால் ஒரு பெண் காணாமற்போன கணவர் தொடர்பாக எந்த அலுவலகத்தை நாடினாள், வீட்டு வன்முறைக்கு எங்கு உதவி கேட்டாள் என்பதும் அதில் விழும். பல்லாண்டுகள் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த எமது மாவட்டத்தில் இந்தக் குறிப்பை யார் வாசிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது சிறிய கேள்வியல்ல.

நான்காவது, எழுத்துப்பிழை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்ட பெண்கள் எம்மிடையே பலர். பத்துப் பதிவேடு இருந்தால் ஒரு பிழை ஒரு கதவை மூடும். ஒரே பதிவேடானால் அதே பிழை பத்துக் கதவுகளையும் மூடிவிடும். எனவே திருத்துவதற்கான வழி கணினிக்குள் மட்டும் இருந்தாற் போதாது. பிரதேச செயலகத்தில், தமிழில், ஒரு மனிதரிடம் போய்ச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

எமது நாட்டின் திட்டம்

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடை உதவி பெறும் உடன்படிக்கை 2022 மார்ச் மாதம் கைச்சாத்தானது. 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபா முற்பணமாக வழங்கப்பட்டது. இத்திட்டம் "மொசிப்" என்ற திறந்த மென்பொருளை அடிப்படையாகக் கொள்ளும் என அறிவிக்கப்பட்டது. 2018 இல் பெங்களூரில் உள்ள சர்வதேச தகவல் தொழில்நுட்ப நிறுவகத்தில் தொடங்கிய மொசிப், பிலிப்பைன்ஸ், மொரோக்கோ ஆகிய நாடுகளின் அடையாளத் திட்டங்களிலும் பயன்படுகின்றது. அது குபர்நெட்டீஸ் மேல் இயங்குகின்றது. அதன் அலுவலர்கள் உள்நுழையும் வாயிலை கீக்ளோக் காக்கின்றது. மேலே சொன்ன பெட்டி, பதிவேடு, இரகசியம் எல்லாம் எங்கோ தூரத்துக் கதையல்ல.

சட்டமும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது விபரத்தைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் உரிமை தருகின்றது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்தள்ளப்பட்டன. உரிமை எழுத்தில் வந்த பின்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

திறவுகோல் யாருடைய கையில்?

சேவையகம் எவ்வளவு திறமாக நிறுவப்பட்டாலும் கடைசியில் திறவுகோல் எமது தொலைபேசிக்கே வருகின்றது. உள்நுழையும்போது ஒரு தடவை மட்டும் பயன்படும் இலக்கம் குறுஞ்செய்தியாக வரும். அந்தச் சிம் யாருடைய பெயரில் உள்ளது? பல வீடுகளில் தம்பியின் பெயரில், மகனின் பெயரில், சில வேளை வெளிநாடு சென்ற மைத்துனரின் பெயரில். அவர் நல்லவராக இருக்கலாம். ஆயினும் ஒரு பெண்ணின் கொடுப்பனவும் முறைப்பாடும் வைத்திய விபரமும் இன்னோர் ஆணின் கைக்குள் இருப்பது எப்படி நியாயமாகும்? முன்பு அவர் ஒரு கதவையே மறிக்கலாம். இனி எல்லாவற்றையும் மறிக்கலாம். ஆகவே தோழியரே, முதலில் உங்கள் பெயரில் ஒரு சிம்மைப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கொம்யூனிகேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பினால் எழும்பும் முன் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். வாசற்காவலர் தந்த துண்டுக்குச் சில நிமிடங்களே ஆயுள். கீக்ளோக்கில் இயல்பாக அது ஐந்து நிமிடம். ஆனால் உள்நுழைந்த அமர்வு நீண்ட நேரம் திறந்திருக்கும். கணினி பயன்பாட்டில் இருந்தால் பத்து மணித்தியாலம் வரைகூட நீடிக்கலாம். உங்களுக்குப் பின் அக்கதிரையில் இருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் எல்லாக் கதவுகளாலும் போய்வரலாம். குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தை, கொடுப்பனவு எடுத்துத் தருவதாகச் சொல்லும் எவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

மூன்றாவது, கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த அரச அலுவலகத்திடமும் தமிழில் விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயாற் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். எமது பதிவேடு எங்கு உள்ளது, அதன் பிரதி எங்கு உள்ளது, வருகைக் குறிப்பை யார் பார்க்கின்றார்கள், பெயர்ப் பிழையை யார் திருத்துவார், தொலைபேசி தொலைந்தால் திறவுகோலை எவ்வாறு மீளப் பெறுவது என்ற ஐந்து கேள்விகளையும் மாதர் சங்கக் கூட்டத்தில் கூடி எழுதி, ஒரு விண்ணப்பமாக அனுப்பலாம். தனியாகக் கேட்கும் பெண்ணை அலைய வைப்பது இலகு. முப்பது பேர் ஒப்பமிட்ட கடிதத்தை மேசையில் வைத்திருப்பது அவ்வளவு இலகுவல்ல.

அதுவரை அந்தக் கடதாசிப் பையைக் கவனமாக வைத்திருங்கள். எந்தப் புதிய முறை வந்தாலும், பிழையைத் திருத்தப் போகும் நாளில் அதற்குள் இருக்கும் மூலப் பத்திரங்களே எமக்குச் சாட்சி.