துக்க வீட்டில் தெரிந்த வரம்

எனக்கு இருபத்து நான்கு வயதிருக்கும்போது குற்றாலத்தில் ஒரு வாலிபர் முகாம். இரண்டாம் நாள் காலை எல்லோருக்கும் சைக்ளோஸ்டைல் தாள்களைக் கொடுத்தார்கள். ‘உன் வரத்தைக் கண்டுபிடி’ என்று தலைப்பு. நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டிப் பார்த்தேன். போதித்தல் 4, சுவிசேஷம் 3, தீர்க்கதரிசனம் 1. ‘உதவி’ என்ற வரிசையில் மட்டும் 13. பக்கத்திலிருந்த சிநேகிதன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒனக்குப் பாய் விரிக்கிற வரம்லே” என்றான். அன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் பாய் விரித்தது நான்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரன். சி.எஸ்.ஐ. சபை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். ‘எனக்கு என்ன வரம்?’ என்பது எங்கள் சபைகளில் வாலிப வயதில் எல்லோரையும் குடைகிற கேள்வி.

‘வரம்’ என்றதும் தமிழனுக்குத் தவம்தான் நினைவுக்கு வரும். ஒற்றைக் காலில் நின்று, உடம்பை வருத்திக் கேட்டு வாங்குவது. பஸ்மாசுரன் வாங்கியதும் வரம்தான். கொடுத்தவர் தலையிலேயே கைவைத்துச் சோதிக்கப் பார்த்தான். எங்களிலும் பலர் அதே அர்த்தத்தில்தான் உபவாசம் இருந்து வரம் கேட்கிறோம். எங்கள் பைபிளில் ‘வரம்’ என்று இருக்கிற இடத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘காரிஸ்மா’. ‘காரிஸ்’ என்றால் கிருபை. தகுதி பார்க்காமல் கொடுத்தது என்று பொருள். கத்தோலிக்கர்களின் மொழிபெயர்ப்பில் ‘அருள்கொடை’ என்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான சொல்.

எத்தனை வரங்கள்? அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் வேக்னர் 1979-இல் எழுதிய புத்தகத்தில் 27 என்று கணக்குச் சொன்னார். பைபிளில் அப்படி ஒரு மொத்தத் தொகை கிடையாது. ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் ஏழு, 1 கொரிந்தியர் 12-இன் முதல் பட்டியலில் ஒன்பது; இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பவுல் உதாரணம் சொல்லிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். தீர்க்கதரிசனம் இருக்கிற அதே வரிசையில் இல்லாதவர்க்குக் கொடுப்பதும், இரக்கம் காட்டுவதும் இருக்கின்றன. அதற்கும் முன்னால், யாத்திராகமம் 31-இல், தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன், வெள்ளி, கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்தவன்.

ஆனால் வாலிபத்தில் இதெல்லாம் யார் கண்ணில் படும்? மேடையும் மைக்கும்தான் வரமாகத் தெரிந்தது. ஒரு கன்வென்ஷனில் அந்நியபாஷை வரம் கேட்டு முழங்காலில் நின்றேன். ஜெபித்தவர் என் தலையைப் பிடித்து உலுக்கினார், கழுத்துவலிதான் மிச்சம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்நியபாஷை என்றதும் உலகம் பேசுகிற அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-இல் நடந்தது. 1860-லேயே நம் திருநெல்வேலிச் சீமையில், ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திய சபைகளில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. அது பலருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். தாவீது கோலியாத்தைக் கொல்வதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு ராத்திரி எதிர்வீட்டு வாத்தியார் இறந்துபோனார். மகன் மும்பையில். வாத்தியாரின் மனைவி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சபை ஐயருக்குத் தகவல் சொன்னேன். கோயில்பிள்ளையை எழுப்பித் துக்கமணி அடிக்கச் சொன்னேன். டாக்டர் சர்டிபிகேட், ஐஸ் பெட்டி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். சவப்பெட்டிக்கு அளவு கேட்டபோது, வாத்தியார் என் காது உயரம் இருப்பார் என்று நினைவு வந்தது. அதை வைத்து அளவு சொன்னேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் செலவையெல்லாம் எழுதி, ரசீதுகளைக் குண்டூசியால் குத்தி, மகன் வந்ததும் கையில் கொடுத்தேன். தபால் ஆபீஸ் பழக்கம்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் எந்தத் துக்க வீடானாலும் ஆள் அனுப்பினார்கள். கணக்கு வழக்குத் தெரிந்தவன் என்று கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சில வருஷம் கழித்து ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புருஷனைப் பறிகொடுத்த பாட்டி என் கையைப் பிடித்து, “எய்யா, நீ வந்துட்டல்லா, இனி நாங்க அழலாம்” என்றாள்.

குற்றாலத்தில் நானே போட்டுக்கொண்ட 13 மார்க்கின் அர்த்தம் அந்த வாசலில்தான் விளங்கியது. நான் அங்கே போய்ச் செய்வது கணக்கு வேலை. அவர்களுக்குக் கிடைப்பது, வேறு கவலை இல்லாமல் அழுவதற்கு ஒரு பகல். கொடுத்தது என்ன என்று கொடுத்தவனுக்கே தெரியவில்லை. வாங்கியவள் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால், ‘என் வரம் என்ன?’ என்று இன்றைக்கு வாலிபப் பிள்ளைகள் கேட்டால் கேள்வித்தாளைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். அதை நிரப்பிவிட்டு, கையெட்டும் தூரத்தில் இருக்கிற வேலையில் இறங்குங்கள் என்பேன். சபை விருந்தான அசனத்துக்கு வெங்காயம் உரியுங்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருங்கள், பாடகர் குழுவில் நில்லுங்கள். சிலது சரிப்படாது; கோலியாத்தை மூன்று வாரம் இழுத்தவன் சொல்கிறேன், அதில் வெட்கமில்லை. எது உங்களால் பிறருக்கு ஆறுதலாகிறது என்று பாருங்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. வரம் இருப்பதால் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை. கொரிந்து சபையில் வரங்களுக்குக் குறைவே இல்லை. கட்சி கட்டிச் சண்டை போட்டதும் அதே சபைதான். அதனால்தான் 1 கொரிந்தியரில் வரங்களைப் பற்றிய 12, 14-ஆம் அதிகாரங்களுக்கு நடுவே, அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரத்தைப் பவுல் வைத்தார். துக்க வீட்டுக்குப் போய்வந்த பெருமையில் நான் என் வீட்டில் எரிந்துவிழுந்த நாட்கள் உண்டு. என் மனைவியைக் கேட்டால் தேதியோடு சொல்வாள்.

இத்தனை வருஷத்தில் அடக்க ஆராதனைகளில் எத்தனையோ சாட்சிகளைக் கேட்டுவிட்டேன். ‘இவரைப் போல ஆறுதல் சொல்ல ஆள் கிடையாது’, ‘இந்த அம்மா ஜெபித்தால் வீடே அமைதியாகும்’ என்று பெட்டிக்கு முன்னால் நின்று சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் காது மூடிவிட்டது. அந்தப் பாட்டி, நான் உயிரோடு இருக்கும்போதே என்னிடம் சொன்னாள். நீங்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஒரே ஒருவரிடமாவது அவருடைய வரம் என்னவென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.