தீவுப் பயணமும் பூச்சிக்கடியும்: கொங்குக் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

2006-ம் வருடக் காய்ச்சலைக் கொங்குப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. காய்ச்சல் சில நாளில் விட்டுவிட்டது. மூட்டுவலிதான் மாதக்கணக்கில் விடவில்லை. காலையில் கட்டிலை விட்டு எழவே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள்.

அந்தச் சிக்குன்குனியா நம்மிடம் வந்து சேர்ந்த வழி தீவு தீவாக நீள்கிறது. 2004-ல் கென்யாவின் லாமு தீவு. 2005-ல் கொமொரோஸ், பிறகு ரீயூனியன், மொரீஷியஸ், செஷல்ஸ். ரீயூனியனில் மட்டும் சுமார் 2.66 லட்சம் பேருக்கு வந்தது. அந்தத் தீவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2005 கடைசியில் ஆந்திரா, கர்நாடகம். 2006-ல் தமிழ்நாடு. அதற்கு முன்பு முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தியாவில் தலைகாட்டாமல் இருந்த நோய் அது.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவது அபூர்வம். கிருமி கடல் தாண்டுவது பெரும்பாலும் நம் ரத்தத்தில் ஏறித்தான். கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து கோடை விடுமுறைக்கும் தீபாவளி விடுமுறைக்கும் அந்தமான், மாலத்தீவு, இலங்கை, பாலி, சிங்கப்பூர் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பும் இந்தக் காலத்தில், பெட்டி கட்டும்போதே பூச்சிக்கடியைப் பற்றியும் யோசிக்கச் சொல்வது அதனால்தான். கடிக்கிற பூச்சி எந்த நேரத்தில், எந்த இடத்தில் கடிக்கும் என்று தெரிந்தாலே பாதிக் கடியைத் தவிர்த்துவிடலாம்.

சிங்கப்பூரிலும் கொசு உண்டு

பீளமேட்டில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், சிங்கப்பூர். "அத்தனை சுத்தமான ஊருங்க, அங்க ஏதுங்க கொசு?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தச் சுத்தமான ஊரில் 2020-ல் 35 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு டெங்கு வந்தது. 2022-ல் மறுபடியும் 32 ஆயிரத்துக்கு மேல். பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு இருந்தாலே வீட்டுக்காரருக்கு அபராதம் போடுகிற நாடு அது. கொசு முட்டைகள் பொரிக்காமல் போவதற்காக வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்களை 2016-லிருந்து பறக்கவிட்டு வருகிறார்கள். அவ்வளவு செய்தும் டெங்கு முழுதாகப் போகவில்லை. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நல்ல தண்ணீரைத் தேடுகிறது. ஒரு மூடி அளவு மழைநீர் அதற்குப் போதும்.

இலங்கையில் 2017-ல் மட்டும் 1.86 லட்சம் பேருக்கு டெங்கு. மலேரியாவை அடியோடு ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் 2016-ல் சான்று வாங்கிய நாடும் அதே இலங்கைதான். மாலத்தீவு அதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கிவிட்டது. 'மலேரியா இல்லாத தீவு' என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கொசுவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மலேரியா கொசு இரவில் கடிப்பது, டெங்கு கொசு பகலில் கடிப்பது. விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாயும் முன் இரண்டு மூன்று மணி நேரமும் அதற்குத் தோதான நேரம். ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது கீழே கணுக்காலைக் கடித்துவிட்டுப் போய்விடும். ராத்திரிக்கு மட்டும் கொசுவர்த்தி ஏற்றுகிற நம் வழக்கம் இங்கே உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும்தான் உடம்பு நீண்டகால எதிர்ப்பு தரும். வேறு வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. 2017-ல் தமிழகம் முழுக்க டெங்கு பரவி, நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றோமே, அப்போதோ பிறகோ டெங்கு வந்து தேறியவர்கள் தீவுக்குப் போகும்போது மற்றவர்களைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

அந்தமான் மணலில் கடிப்பது எது?

ஹேவ்லாக் தீவுக்கு, இப்போதைய பெயரில் ஸ்வராஜ் தீவுக்குப் போய்த் திரும்பியவர்களின் கால்களைப் பார்த்தால் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே சிவப்புத் தடிப்புகள் கூட்டமாக இருக்கும். கொசுக்கடி ஒன்றிரண்டு இடத்தில் தடிக்கும். இது இருபது முப்பது. அங்கே மணல் ஈ என்கிறார்கள். கொசுவைவிட மிகச் சிறியது, பறந்து வருவதே கண்ணில் படாது, சாதாரணக் கொசுவலையின் கண்ணிலேயே நுழைந்துவிடும். கடிக்கும்போது பலருக்குத் தெரிவதில்லை. அன்று ராத்திரியோ மறுநாளோ அரிப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு வாரம் விடாது.

காற்று இல்லாத அதிகாலையிலும் அந்தியிலும்தான் இதன் தொல்லை அதிகம். ஆனால் ராதாநகர் கடற்கரைக்குப் போவதே சூரியன் மறைவதைப் பார்க்கத்தான். போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போங்கள். அரைக்கால் சட்டையை மாற்றிவிட்டு முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் மணலில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். நாற்காலி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கெட்டியான விரிப்பு. அலையாத்திக் காட்டின் ஓரத்திலும், கடற்பாசி ஒதுங்கி அழுகும் இடத்திலும் நிற்காதீர்கள். காலில் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவிக்கொள்வதும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் அந்தச் சின்ன ஈ சிக்கிக்கொள்ளும் என்பதால் ஓரளவு பலன் தரும், சற்று நேரத்துக்கு. கொசுவைத் தடுக்க அதை நம்பக் கூடாது.

கடித்த இடத்தைச் சொறியாமல் இருப்பதுதான் பெரிய பாடு. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு தூங்கவிடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு செட்ரிசின் மாத்திரை. சுண்ணாம்பு வைப்பது, பூண்டை நசுக்கித் தேய்ப்பது இரண்டும் தோலைப் புண்ணாக்கும். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, அதோடு கடல் தண்ணீரிலும் மணலிலும் நடந்தால் சீழ் பிடித்துவிடும். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் தினம் ராத்திரி அவர்கள் பாதத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மருந்துக் கடையில் எதைக் கேட்பது?

"ஏனுங்கண்ணா, கொசு கடிக்காம இருக்க எதாச்சும் குடுங்க" என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் ஓடோமாஸ். அதில் இருப்பது 12 சதவீத டைஎத்தில் பென்சமைடு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். நாள் முழுக்க வெளியில் சுற்றப் போகிறவர்கள் டீட் 20 முதல் 30 சதவீதமோ, பிகாரிடின் 20 சதவீதமோ உள்ள ஸ்பிரே கிடைக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். வியர்த்தாலும் கடலில் இறங்கி ஏறினாலும் திரும்பப் பூச வேண்டும். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் முதலில் அது. காய்ந்த பிறகு அதன் மேல் கொசு மருந்து. துணிக்கு உள்ளே மறைந்திருக்கும் தோலில் பூச வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் தம் கையில் எடுத்துத் தடவிவிட வேண்டும். குழந்தையின் உள்ளங்கையில் பூசினால் நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு எந்த மருந்தும் கூடாது, வலைதான். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கண்ணாடி பிரேம், கைக்கடிகாரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. ஊட்டிக்குப் போனால் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்காமல் திரும்புவதில்லை. கொசு விரட்டியாக உலக அளவில் சிபாரிசு செய்யப்படும் பட்டியலில் 'லெமன் யூகலிப்டஸ் எண்ணெய்' என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, நம்மிடம்தான் தைலம் இருக்கிறதே என்று பலரும் அதையே பூசிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பட்டியலில் இருப்பது எலுமிச்சை வாசம் உள்ள வேறொரு மரத்தின் இலையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய பொருள்; அதையும் மூன்று வயதுக்குக் கீழே தரக் கூடாது என்கிறார்கள். சளிக்கு ஆவி பிடிக்கிற ஊட்டித் தைலத்தின் வாசம் சீக்கிரம் பறந்துவிடும், அதோடு பாதுகாப்பும் போய்விடும். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிட்டால் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்தானது அது. பயணப் பையில் அவர்கள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

கையில் கட்டும் வளையம், ஒலி எழுப்பும் செல்போன் ஆப், பூண்டு சாப்பிட்டால் கொசு அண்டாது என்ற பேச்சு ஆகியவற்றால் பயன் கிடையாது.

உடுப்பைப் பொறுத்தவரை தளர்வான, வெளிர்நிற முழுக்கைச் சட்டை. லெக்கிங்ஸ் முழுக்காலையும் மறைத்தாலும் உடம்போடு ஒட்டியிருப்பதால் கொசு அதன் வழியாகவே குத்தும். அறையில் ஏசி இருந்தால் பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். ஏசி இல்லையென்றால் மின்விசிறியைக் காலுக்கு நேரே திருப்பி வையுங்கள். வேகமான காற்றில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடியாது. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்குப் பகலிலும் வலை வேண்டும்.

பூட்டிவிட்டுப் போகும் வீடு

நம் பக்கம் பல ஊர்களில் குடிதண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பது வழக்கம். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அரைகுறையாக மூடிய டிரம்மோடு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் சுற்றுலா போனால், திரும்பும்போது வீட்டுக்குள் கொசு தயாராக இருக்கும். நாம் ரத்தத்தில் வைரஸோடு வந்து இறங்கினால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கிளம்பும் முன்பு டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தேய்ப்பது முக்கியம். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு

ஜிகாவும் இதே கொசுவால் வருவதுதான். சிங்கப்பூரில் 2016-லும், பக்கத்துக் கேரளத்தில் 2021-லும் பரவியது. பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விடும், சில பேருக்கு அதுவும் இருக்காது. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். தாம்பத்திய உறவிலும் தொற்றும். ஜிகா பரவும் இடத்துக்குப் போய்வந்த ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் இரண்டு மாதமும் கர்ப்பம் தரிக்காதபடி பாதுகாப்போடு இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

திரும்பிய பின் வரும் காய்ச்சல்

கடித்தவுடன் காய்ச்சல் வராது. டெங்குவுக்கு நாலு முதல் பத்து நாள். சிக்குன்குனியாவுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். புல்தரையிலும் புதரோரத்திலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அந்தமானிலும் இருக்கிறது, நம் மலைப்பக்கங்களிலும் இருக்கிறது. மலேரியா இன்னும் தாமதமாகக்கூட வரும். அதற்குள் பயணத்தையே மறந்துவிட்டு, "அலைச்சல் காய்ச்சல், ஒரு ஊசி போட்டாச் சரியாப் போயிரும்" என்று இருந்துவிடுகிறோம். நாள் வீணாவது இங்கேதான்.

ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு அடையாளம் உண்டு. சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்திருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா கட்டுமிடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. வெட்கப்படாமல் தேடிப் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்துக்கே கேட்கும் நோய் இது. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிரை எடுக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். உடம்புவலி தாங்கவில்லை என்று புரூஃபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல் இருக்கும் முதல் ஒரு வாரம் பகலிலும் கொசுவலைக்குள் இருங்கள். அந்த நாட்களில் உங்களைக் கடிக்கும் கொசுதான் எட்டுப் பத்து நாள் கழித்து வீட்டில் அடுத்தவருக்குக் கொடுக்கும்.

டெங்குவில் ஏமாற்றும் கட்டம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "விட்டுருச்சு கண்ணு, கொஞ்சம் ரசஞ்சோறு சாப்பிடு" என்று வீட்டில் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் இறங்குகிறது. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வண்டிக்கு 108. அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-ல் கேட்கலாம்.

மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தத் தீவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காட்டுக்குள் நடந்தீர்களா, புல்லில் உட்கார்ந்தீர்களா, காய்ச்சல் எந்த நாள் எந்த நேரத்தில் தொடங்கியது. டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் எடுக்கும் பரிசோதனை வேறு, அதற்குப் பிறகு எடுப்பது வேறு என்பதால் அந்தத் தேதிகள் ஒரு துண்டுச்சீட்டில் இருந்தால் அவருக்கு வேலை எளிது.