காசு கொடுத்து வாங்கிய கேம் உங்களுடையதா? ஸ்டோர் மாறினால் என்ன ஆகும்?

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர் வீரபாண்டி பக்கம் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம். ரூம் வாடகை, மெஸ் பாக்கி, ஊருக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் போக மிச்சமாகும் நூறோ இருநூறோ சிலருக்கு டீக்கடையில் கரையும். சிலருக்குப் போனில் கரையும். பிஜிஎம்ஐயில் கொஞ்சம் யுசி, ஃப்ரீ ஃபயரில் கொஞ்சம் டைமண்ட், புது சீசனுக்கு ஒரு பாஸ். யுபிஐ பின் நம்பரைப் போட்டால் வேலை முடிந்தது.

இப்படி வாரா வாரம் சேர்த்ததெல்லாம் ஒருநாள் காலையில் காணாமல் போனால்?

இது கற்பனை இல்லை. 2020-லும் 2022-லும் இந்தியாவில் கோடிக்கணக்கான பேருக்கு இந்தப் பயம் வந்தது. சிலருக்குச் சேர்த்தது திரும்பக் கிடைத்தது. சிலருக்குப் போனது போனதுதான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நாம் 'வாங்குகிறோம்' என்று நினைக்கும்போது உண்மையில் எதை வாங்குகிறோம்?

பப்ஜி போன கதை

2020 செப்டம்பர் 2. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை போட்டது. பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. கூகுள் ப்ளே ஸ்டோர், ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலிருந்தும் அது காணாமல் போனது.

ஆனால் ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு கேம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'தடை எல்லாம் சும்மா' என்று பலரும் நினைத்துக்கொண்டு ஆடினார்கள். அது இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவுக்கான சேவையையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஐகானைத் தொட்டாலும் பயனில்லை. காசு கொடுத்து வாங்கிய உடை, துப்பாக்கி ஸ்கின், வருடக்கணக்கில் சேர்த்த ரேங்க் எல்லாம் சர்வருக்குள் மாட்டிக்கொண்டன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து நீக்குவது வேறு. சர்வரை நிறுத்துவது வேறு. முதலாவது கடை ஷட்டரை இறக்குவது போல. இரண்டாவது வீட்டுக்கு வரும் கரண்டையே பிடுங்குவது போல. ஷட்டர் இறங்கினால் புதிதாக வாங்க முடியாது, அவ்வளவுதான். கரண்ட் போனால் கையில் இருப்பதும் ஓடாது.

எட்டு மாதம் கழித்து, 2021 ஜூலை 2-ம் தேதி, தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, அதாவது பிஜிஎம்ஐ-யை ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. பழைய பப்ஜி கணக்கில் இருந்ததைப் புதிய கேமுக்கு மாற்றிக்கொள்ள வழியும் கொடுத்தது. சட்டப்படி இது வேறொரு கேம். ஆனாலும் பழைய பொருளை எடுத்துவர விட்டார்கள். வந்த கூட்டத்தை இழக்க எந்த நிறுவனத்துக்குத்தான் மனசு வரும்?

அதிலும் நிபந்தனை இருந்தது. சமூக வலைதளக் கணக்கோடு இணைத்து ஆடியவர்களுக்கு வழி சுலபம். 'கெஸ்ட்' ஆக நுழைந்து ஆடியவர்களுக்குச் சிக்கல். அவர்கள் யார் என்று நிரூபிக்க எதுவும் இல்லை. மாற்றிக்கொள்ள 2021 டிசம்பர் 31 என்று கடைசித் தேதியும் வைத்தார்கள். லாக்கர் சாவி மாதிரிதான் இது. பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட சாவி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மறுபடியும் 2022

2022 பிப்ரவரியில் மேலும் 54 செயலிகளுக்குத் தடை வந்தது. இந்த முறை கரீனா ஃப்ரீ ஃபயர். ஆனால் அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ப்ளே ஸ்டோரில் தொடர்ந்து இருந்தது. இரண்டுக்கும் ஒரே கணக்குதான் என்பதால் அதே கணக்கில் மேக்ஸுக்குள் போனவர்களுக்கு டைமண்டும் உடைகளும் அப்படியே கிடைத்தன.

அதே ஆண்டு ஜூலை 28-ம் தேதி பிஜிஎம்ஐயும் இரண்டு ஸ்டோர்களிலிருந்தும் நீக்கப்பட்டது. பதிவு செய்த பயனர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று கிராஃப்டன் அறிவித்திருந்த அதே மாதம் அது. இந்த முறை ஷட்டர் மட்டும்தான் இறங்கியது, கரண்ட் போகவில்லை. போனில் வைத்திருந்தவர்களால் ஆட முடிந்தது. பழைய போனை மாற்றியவர்களும், ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று கேமை அழித்தவர்களும்தான் திண்டாடினார்கள். ஏதேதோ தளங்களில் ஏபிகே ஃபைலைத் தேடி இறக்கியவர்களும் உண்டு. அதே போனில்தான் வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கின்றன என்பதை யோசித்தால் இது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

சுமார் பத்து மாதம் கழித்து, 2023 மே மாதம், மூன்று மாதச் சோதனை அனுமதியோடு பிஜிஎம்ஐ திரும்பி வந்தது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு.

வாங்கினோமா, அனுமதி எடுத்தோமா?

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு கார்ட்டூன் கதாபாத்திரம் போட்ட டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தை அச்சடிக்க உரிமையாளரிடம் லைசன்ஸ் வேண்டும். ஸ்கிரீன் கம்பெனியிலேயே இருக்கலாம், துணி இருக்கலாம், கலர் இருக்கலாம். லைசன்ஸ் காலம் முடிந்த மறுநாள் ஒரு பீஸ்கூட பிரிண்ட் போட முடியாது. படம் உங்களுடையது கிடையாது. அதைப் பயன்படுத்தும் அனுமதிதான் உங்களிடம் இருந்தது.

டிஜிட்டல் கேமில் நாம் வாங்குவதும் அந்த அனுமதியைத்தான். 'ஏற்கிறேன்' என்று படிக்காமலே தட்டும் நிபந்தனைகளில் இது தெளிவாக இருக்கும். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தமும் இதைத்தான் சொல்கிறது: கேம் லைசன்ஸாகத் தரப்படுகிறது, விற்கப்படுவதில்லை. 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் பக்கத்திலேயே இந்த வரியைக் காட்டுகிறார்கள்.

டி-ஷர்ட்டை வாங்கினால் தம்பிக்குக் கொடுக்கலாம், விற்கலாம், பத்து வருஷம் பெட்டியில் வைக்கலாம். கடை மூடினாலும் சட்டை நம்மிடம் இருக்கும். டிஜிட்டல் கேமை அப்படிச் செய்ய முடியாது. ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் விதி இடம் கொடுப்பதில்லை.

'மாறுவது' என்றால் எத்தனை விதம்?

எல்லா மாற்றமும் ஒரே மாதிரி இல்லை. என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பயப்பட வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

1. விற்பனை நிற்கிறது, வாங்கியவர்களுக்குப் பாதிப்பில்லை. ஃபோர்சா ஹொரைசன் 4 என்ற கார் பந்தய கேம் 2024 டிசம்பர் 15-ம் தேதி ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. கார் நிறுவனங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கான லைசன்ஸ் காலம் முடிவதே காரணம். முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து இறக்கி ஆடலாம்.

2. கடையே மூடுகிறது. நின்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இ-ஷாப்பில் விற்பனையை 2023 மார்ச் 27-ம் தேதி நிறுத்தியது. வாங்கியதை மீண்டும் இறக்கும் வசதியை மட்டும் விட்டுவைத்தது. அது எத்தனை நாளைக்கு என்பது நிறுவனத்தின் கையில்.

3. சர்வர் நிற்கிறது. இதுதான் மோசமானது. 2014-ல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ம் தேதி நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் இணையம் தேவைப்பட்ட கேம் என்பதால், டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் பிளாஸ்டிக் ஆனது.

4. போன் முன்னேறுகிறது, கேம் பின்தங்குகிறது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32-பிட் செயலிகள் ஐபோனில் ஓடாமல் போயின. காசு கொடுத்து வாங்கிய பழைய கேம்கள் பலவும் அதில் அடக்கம். யாரும் தடை போடவில்லை. உருவாக்கியவர்கள் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

5. நாம் நாடு மாறுகிறோம். வேலைக்காக துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு இது பொருந்தும். கூகுள் ப்ளேயில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். பழைய நாட்டில் இருக்கும் ப்ளே பேலன்ஸைப் புதிய நாட்டில் செலவு செய்ய முடியாது. ஆப்பிளில் பேலன்ஸை முழுக்கத் தீர்த்த பிறகுதான் நாட்டையே மாற்ற விடுவார்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

நிறுவனம் நினைத்தால் கிடைக்கும். கூகுள் தன் ஸ்டேடியா கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, அதன் ஸ்டோரில் வாங்கிய கேம்களுக்கும் தன்னிடம் வாங்கிய கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012-ல் 'ஃப்ளைட்' என்ற பெயரில் பாடல்களை விற்றது, ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் அந்தக் கடையை மூடினார்கள். வாங்கியவை எம்பி3 ஃபைல்கள் என்பதால் இறக்கி வைத்தவர்களுக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் ஓடும். பிறகு 2015 கடைசியில் மின்புத்தக விற்பனையையும் ஃப்ளிப்கார்ட் விட்டது. வாடிக்கையாளர்களின் புத்தகங்களை கோபோ என்ற நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. ஃபைல் கையில் இருந்தால் கடை மூடினாலும் கவலை இல்லை. ஃபைல் அவர்கள் கையில் இருந்தால் அவர்கள் காட்டும் வழியில்தான் போயாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகத்தை வரையறுக்கும்போது டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் காசு பிடித்தார்கள், பொருள் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் 'கேம் சர்வரை நிறுத்தினால் வாங்கியவருக்கு இவ்வளவு கொடு' என்று தனியாக ஒரு விதி இங்கே இல்லை.

வெளியே என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, கிடைப்பது லைசன்ஸ் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிகிற பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

'தி க்ரூ' மூடப்பட்ட கோபத்தில் 2024-ல் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் எடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது சர்வரை என்றென்றைக்கும் நடத்த வேண்டும் என்று இல்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடிக்கொள்ளும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான்.

குரல் கொடுத்தால் பலன் இருக்குமா? 2021-ல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கருவிகளின் ஸ்டோர்களை மூடப்போவதாக சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கணக்கை இணையுங்கள். கெஸ்ட் ஆக ஆடுவதாக இருந்தால் இன்றே உங்கள் மின்னஞ்சலுடனோ சமூக வலைதளக் கணக்குடனோ சேருங்கள். ரூம் மேட்டின் ஐடியில் ஆடிக்கொண்டு உங்கள் காசைப் போடாதீர்கள். அவர் ரூமை காலி செய்தால் ஸ்கின்னும் கூடவே போகும்.

ரசீதை அழிக்காதீர்கள். ப்ளே ஸ்டோர் அனுப்பும் மெயிலும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணும்தான் நாளைக்குச் சாட்சி.

நேரம் பாருங்கள். கூகுள் ப்ளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு கேம் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பக் கிடைக்கும்.

மொத்தமாக ஏற்றாதீர்கள். ஆஃபர் என்று ஒரே நேரத்தில் நிறைய யுசி வாங்கி வைப்பது சேமிப்பு ஆகாது. பயன்படுத்தாத யுசி, கடைக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்த காசு.

ஆஃப்லைனில் ஓடுமா என்று பாருங்கள். வாங்கும் முன் ஒரு முறை டேட்டாவை ஆஃப் செய்து டெமோவைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு ஜிஓஜி போன்ற தளங்கள் இன்ஸ்டாலர் ஃபைலையே தருகின்றன. பென் டிரைவில் போட்டு வைத்தால் கடை மூடினாலும் ஃபைல் உங்களிடம் இருக்கும்.

அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சேவை நிற்கிறது, கணக்கை மாற்றுங்கள் என்று மெயில் வந்தால் அதில் ஒரு கடைசித் தேதி இருக்கும். ஓவர்டைம் முடித்து வந்து பார்க்கலாம் என்று விட்டதில்தான் பலரும் கோட்டை விட்டார்கள்.

இதற்காக கேமில் காசு போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சினிமா டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை, ஏனென்றால் அது டிக்கெட் என்று தெரிந்தே வாங்குகிறோம். யுசியும் ஸ்கின்னும் அப்படித்தான். அடுத்த சனிக்கிழமை பின் நம்பரைப் போடும் முன் ஒரே கேள்வி: இந்தக் காசு நாளைக்கே போனாலும் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் தாராளமாக ஆடுங்கள்.