காரின் சிறு விளக்கும் குடும்பத்தின் பெரு நலனும்

நம் நாட்டில் பாவித்த கார் ஒன்றை வாங்குவது பெண் பார்க்கும் படலத்தைப் பெரிதும் ஒத்தது. உற்றார் உறவினர் நால்வர் கூடிச் செல்வர். ஒருவர் வர்ணத்தைத் தட்டிப் பார்ப்பார்; ஒருவர் எஞ்சினின் ஓசைக்குக் காது கொடுப்பார்; மற்றொருவர் டயரைக் காலால் உதைத்துத் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பார். ஓடிய கிலோமீற்றர் எவ்வளவு, எத்தனை கை மாறியது, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பனவெல்லாம் விசாரிக்கப்படும். ஆனால், சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் தோன்றும் ஒரு சிறு விளக்கை மட்டும் எவரும் கவனிப்பதில்லை. அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் முன்னே உருண்டையாகப் பை ஒன்று விரிந்திருப்பது போன்ற சித்திரமோ, எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துக்களோ அவ்விளக்கில் காணப்படும். அதுவே காற்றுப்பையின் விளக்கு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இங்கிருந்த கார்களே கைமாறின, அவற்றின் வயதும் ஏறியது, விலையும் ஏறியது. பதினைந்து ஆண்டு கடந்த ஜப்பானியக் கார் ஒன்றைச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கிய குடும்பங்கள் பல. அத்தகைய காரின் காற்றுப்பை பற்றி நாம் சில விஷயங்களை அறிந்திருப்பது நன்று.

தந்தையின் கையிலிருந்து பிறந்த சாதனம்

காற்றுப்பையின் கதையே ஒரு குடும்பக் கதைதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் ஹெட்ரிக் என்பவர் 1952ஆம் ஆண்டில் தம் மனைவியுடனும் மகளுடனும் காரிற் சென்றுகொண்டிருந்தார். தெருவிற் கிடந்த தடையொன்றைத் தவிர்க்க முயன்றபோது கார் பள்ளத்தில் இறங்கியது. அக்கணத்தில் தாயும் தந்தையும் தம்மையறியாமலே கைகளை நீட்டி, நடுவில் இருந்த பிள்ளை முன்னே மோதாதபடி தடுத்தனர். அந்தக் கைகளின் வேலையைச் செய்ய ஒரு சாதனம் இருந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1953ஆம் ஆண்டில் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. ஜேர்மனியிலும் அதே காலத்தில் வால்ட்டர் லின்டரர் என்பவர் இத்தகைய எண்ணத்திற்கு உரிமை பெற்றார்.

எண்ணம் பிறந்தாலும் அது காரினுள் வந்து சேர நெடுங்காலம் சென்றது. மோதலை நொடிப்பொழுதில் உணரும் கருவி அக்காலத்தில் இல்லாமையே காரணம். 1981ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனம் தன் உயர்தரக் காரில் இதனைப் பொருத்தியது. 1987ஆம் ஆண்டில் ஹொண்டா லெஜண்ட் காரின் வாயிலாக ஜப்பானியக் கார்களுக்கும் இது வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1987 முதல் 2017 வரை 50,000க்கும் அதிகமான உயிர்களை முன்புறக் காற்றுப்பைகள் காத்தன என்று அந்நாட்டு அரசின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்திருக்கிறது.

கண் இமைக்கும் முன்னே

இச்சாதனம் வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. காரின் முன்பகுதியிலும் நடுவிலும் உள்ள உணரிகள் மோதலின் வேகத்தை அளக்கின்றன. மோதல் கடுமையானதுதான் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானித்ததும் சிறு மின்னோட்டம் ஒன்றை அனுப்புகிறது. அதனால் ஓர் உலோகக் கலத்தினுள் உள்ள இரசாயனப் பொருள் தீப்பற்றி, வாயுவாக மாறிப் பையை நிரப்புகிறது. இவ்வளவும் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கிற்குள் நடந்து முடிந்துவிடும். நாம் கண்ணை இமைப்பதற்கு அதனினும் அதிக நேரம் வேண்டும்.

இத்தனை வேகத்தில் விரியும் பை பஞ்சணையன்று. அதன் முதல் வீச்சு பலத்த அடியாகும். ஆகையால்தான் ஆசனப்பட்டி அணியாதவருக்குக் காற்றுப்பை நண்பனாக இராமல் எதிரியாகவும் மாறலாம். பட்டி நம்மைப் பின்னே பிடித்து நிறுத்த, பை முன்னே வந்து தாங்க வேண்டும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. இரண்டும் சேரும்போதே முழுப் பயன் கிடைக்கும். சாரதியின் மார்பிற்கும் சுக்கான் சக்கரத்திற்கும் இடையே குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பதும் இதனாலேயே.

விளக்கு அணையாவிட்டால்

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அக்குறுகிய நேரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் சுற்றுக்கள் யாவற்றையும் சோதித்துக்கொள்கிறது. அணையாமல் எரிந்துகொண்டிருந்தாலோ, ஓடும்போது மீண்டும் எரிந்தாலோ எங்கோ குறை உண்டென்று பொருள். அந்நிலையில் விபத்து நேரின் பைகளிற் சிலவோ, எல்லாமுமோ விரியாமற் போகலாம். "அது ஒன்றுமில்லை ஐயா, சென்ஸர் கோளாறு, எல்லாக் கார்களிலும் எரிவதுதான்" என்று விற்பவர் கூறுவார். சென்ஸர் கோளாறு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஒன்றுமில்லை என்பதுதான் உண்மையன்று.

இக்குறைகளில் அடிக்கடி காணப்படுவது ஆசனத்தின் கீழே உள்ளது. முன்னாசனங்களின் அடியில் மஞ்சள் நிறமான பிளக்குகள் இருக்கும். காற்றுப்பைக்குரிய கம்பிகளுக்கெனப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒதுக்கிய நிறம் அது. ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதாலும், கீழே குடையையும் போத்தலையும் திணிப்பதாலும், காரினுட்புறத்தை நீரூற்றிக் கழுவுவதாலும், வெள்ளத்தில் கார் நின்றதாலும் அப்பிளக்குகள் தளர்ந்து அல்லது துருப்பிடித்துப் போகும். அதனைச் சீராக்குவது பெருஞ் செலவுள்ள வேலையன்று.

இரண்டாவது, சுக்கான் சக்கரத்தின் உள்ளே சுருண்டிருக்கும் நாடா போன்ற கம்பி. மெக்கானிக்குகள் இதனைக் 'கிளாக் ஸ்பிரிங்' என்றும் 'ஸ்பைரல் கேபிள்' என்றும் சொல்வர். சக்கரம் திரும்புந்தோறும் இது சுருண்டு விரிவதால் பல ஆண்டு உழைத்தபின் அறுந்துபோகும். காற்றுப்பை விளக்கு எரிவதோடு ஹோர்னும் ஒலிக்காதிருந்தால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது இதனையே.

மூன்றாவது, பிரயாணியின் ஆசனத்தினுள் மறைந்திருக்கும் உணரி. சில கார்களில் இது மெல்லிய தகடு போன்ற விரிப்பு. சிலவற்றில் திரவம் நிறைந்த சிறு பை. வேறு சிலவற்றில் ஆசனத்தின் கால்களிலே எடையை அளக்கும் கருவி. சந்தையிலிருந்து வாங்கிய அரிசிப் பையை அவ்வாசனத்தில் வைத்ததும் பட்டி அணியுமாறு மணி ஒலிப்பது இதன் செயலே, அது கோளாறன்று. ஆனால் ஆளில்லாத வெற்றாசனத்திலும் மணி ஒலிப்பதும், ஆள் இருந்தும் ஒலிக்காதிருப்பதும் கோளாறே. பால் கொட்டி ஊறியதாலும், தடித்த மேலுறையை இறுக்கித் தைத்ததாலும், வேறொரு காரின் ஆசனத்தைக் கொணர்ந்து பொருத்திவிட்டு அளவைச் சரிசெய்யாமல் விட்டதாலும் இது நேரும். மேலும், பக்கவாட்டுக் காற்றுப்பை சில கார்களில் ஆசனத்தின் தோட்புறத்திலேயே உண்டு. அதற்கென அமையாத அழகிய மேலுறை அப்பையின் வாயை அடைத்துவிடும்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அமைந்த கார்களில், முன்னாசனத்தில் குழந்தை இருப்பதை உணர்ந்து காற்றுப்பையைத் தானே நிறுத்தும் ஏற்பாடு உண்டு. ஜப்பானியச் சந்தைக்கெனச் செய்யப்பட்டு இங்கு வந்த கார்கள் பலவற்றில் ஆசன உணரியின் வேலை மணி ஒலிப்பதோடு முடிந்துவிடும். குழந்தை இருந்தாலும் பை விரியும். பின்னோக்கி வைக்கும் குழந்தை ஆசனத்தை முன்னாசனத்தில் பொருத்துவதும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னே அமர்வதும் ஆபத்தானவை. பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பின்னாசனமே உரிய இடம்.

விளக்கு எரியாவிட்டால்

எரியும் விளக்கைவிட அஞ்சத்தக்கது சாவி திருப்பியும் எரியாத விளக்கு. விபத்தில் பைகள் விரிந்த காருக்குப் புதுப் பைகளும், கட்டுப்பாட்டுப் பெட்டியும், பட்டிகளும் மாற்றுவதென்றால் பெருந்தொகை வேண்டும். அதற்கு மனமில்லாதோர் வெற்று மூடியைப் பொருத்தி, விளக்கைக் கழற்றிவிடுவதுண்டு. வேறொரு விளக்கின் கம்பியோடு அதனை இணைத்து, சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையச் செய்வதுமுண்டு. இன்னுஞ் சிலர் பை இருந்த இடத்தில் ஒரு சிறு மின்தடையை வைத்து, பை இருப்பதாகவே கட்டுப்பாட்டுப் பெட்டியை நம்பவைக்கின்றனர். பட்டப்பகலில் கண்கட்டு வித்தை!

ஆகவே வாங்குமுன் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். பொத்தான் உள்ள காரானால் பிரேக்கை மிதியாமல் இருமுறை அழுத்துங்கள். காற்றுப்பை விளக்கு தனியே எரிந்து தனியே அணைகிறதா? சுக்கானின் நடுமூடியும் டாஷ்போர்டும் நிறத்தாலும் நயத்தாலும் ஒத்திருக்கின்றனவா? டாஷ்போர்டில் வெட்டியொட்டிய தழும்பு உண்டா? ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்தால் அதன் அடியில் தயாரித்த காலத்தைக் குறிக்கும் சீட்டுப் பெரும்பாலும் இருக்கும். காரின் ஆண்டிற்கு நெடுநாள் பிந்திய பட்டி, விபத்துக்குப்பின் மாற்றப்பட்டதாக இருக்கலாம். ஜப்பானிய ஏல அறிக்கையில் 'ஆர்' என்ற எழுத்துத் தரம் காணப்பட்டால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட கார் என்று கொள்ளலாம். இறுதியாக, நல்ல கராஜ் ஒன்றில் ஸ்கேனர் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் கூலி அற்பமே.

விளக்கும் அறியாத ஒன்று

விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்துவிட்டால் மனம் ஆறிவிடலாமா? அதுவும் போதாது. விளக்கு அறிவது மின்சுற்றை மட்டுமே. கலத்தினுள் இருக்கும் இரசாயனப் பொருளின் நிலையை அது அறியாது.

ஜப்பானின் தக்காட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் வரலாறு இதற்குச் சாட்சி. அந்நிறுவனம் பையை நிரப்ப அமோனியம் நைத்திரேற்று என்ற பொருளைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் பல ஆண்டு மாறி மாறித் தாக்கியதால் அப்பொருள் நிலைகெட்டது. நிலைகெட்டபின் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து உலோகக் கலத்தையே வெடிக்கச் செய்தது. உயிரைக் காக்க வேண்டிய பை, இரும்புத் துண்டுகளை முகத்தில் வீசியது. ஹொண்டா நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய மீளழைப்பு, டொயோட்டா, நிஸ்ஸான், மஸ்டா, பி.எம்.டபிள்யூ. எனப் பல நிறுவனங்களின் கார்களுக்கும் பரவியது. உலகெங்கும் ஏறத்தாழ பத்துக் கோடிப் பைகள் இதில் அடங்கின. அமெரிக்காவில் மட்டும் 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியாவிலும் உயிர்கள் போயின. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தக்காட்டா நிறுவனம் வங்குரோத்தை அறிவித்தது.

வெப்பமும் ஈரமும் ஒருங்கே மிகுந்த பிரதேசங்களிலேதான் இவ்வபாயம் அதிகம் என்று ஆய்வாளர் கண்டனர். அமெரிக்காவில் புளோரிடா போன்ற மாநிலங்களுக்கு முதலிடம் அளித்துப் பைகளை மாற்றினர். கொழும்பின் புழுக்கத்திலும், மன்னார், மட்டக்களப்புக் கரைகளின் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கார்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் தம் இணையத்தளங்களில் அவ்விலக்கத்தைக் கொண்டு மீளழைப்பு உண்டா, திருத்தம் நிறைவேறியதா என்று பார்க்க வசதி செய்திருக்கின்றன. ஜப்பானிய மொழி தடையாயின், அவ்வகைக் காரின் உள்நாட்டு ஏஜென்சியாரிடமே கேட்கலாம். பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடும் பழக்கம் உண்டன்றோ? இவ்வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

காற்றுப்பையை வீட்டில் கழற்றிப் பார்க்கும் துணிவு மட்டும் எவருக்கும் வேண்டாம். சாதாரண மின்மானியை அதில் வைத்து அளப்பதுகூடப் பையை விரியச் செய்யலாம். பற்றரியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் மின்சக்தி உள்ளே தங்கியிருக்கும். ஆகையால் பயிற்சி பெற்றோரும் நிறுவனம் விதித்த நேரம் காத்திருந்தே கைவைப்பர். பாவித்த காரிலிருந்து கழற்றிய பழைய பையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பொருத்துவதும் தகாது. அது எத்தனை ஆண்டு வெயிலைக் கண்டதென்பதை யார் அறிவார்?

முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிவது 2011ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சட்டமாகிவிட்டது. ஆனால் வாங்கும் காரின் பை உண்மையாக உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குவோரின் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை கார் பார்க்கச் செல்லும்போது எஞ்சினின் ஓசையைக் கேட்குமுன், சாவியை ஒரு முறை திருப்பி அச்சிறு விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைய எடுக்கும் நேரம் சில விநாடிகளே. பேரம் பேசுவதை அதன்பின் தொடங்கலாம்.